இஎஸ்பி8266 போர்டு அடம்பிடித்தால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

கோலாலம்பூர் செந்தூலில் வாரயிறுதி நாள்களில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மின்னணுப் பயிற்சி தருகிறோம். "அண்ணே, போர்டு செத்துப்போச்சு" என்று அவர்கள் கொண்டுவந்து நீட்டும் போர்டுகளில் பெரும்பாலானவை சாகவே இல்லை. கேபிள், மின்சாரம், எந்த முனையில் எதைச் செருகியிருக்கிறார்கள் என்ற மூன்றுக்குள்ளேயே காரணம் அடங்கிவிடும். ஆனால் அதைப் பார்ப்பதற்குள் அப்பாவிடம் காசு வாங்கிப் புது போர்டு வாங்கிவிடுகிறார்கள். அந்தச் செலவு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நோட்எம்சியு, டி1 மினி இரண்டுக்கும் இது அப்படியே பொருந்தும். இரண்டிலும் இருப்பது எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லுதான். அதே நிறுவனத்தின் இன்னொரு சில்லான இஎஸ்பி32-க்கு மாறுகிற இடங்களை ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதிப் போர்டில் ஏற்ற ஆர்டுயினோ ஐடிஇ என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: போர்டில் செருகியிருக்கும் எல்லா ஒயர்களையும் கழற்றிவிட்டு, வெறும் போர்டைக் கணினியில் செருகிப் பாருங்கள். வெறும் போர்டு ஒழுங்காக ஓடினால் கோளாறு வெளியே இருக்கிறது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. கையில் ஒரு மல்டிமீட்டரும், வேலை செய்வது உறுதியான ஒரு யுஎஸ்பி கேபிளும் இருந்தால் போதும்.

## கணினியில் செருகினேன், போர்ட்டே (போர்டோடு கணினி பேசும் வாயில்) தெரியவில்லை

### போர்டில் விளக்கும் எரியவில்லை

கேபிளை மாற்றுங்கள். அடுத்து கணினியின் வேறு யுஎஸ்பி துளையில் செருகுங்கள். நடுவில் ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள். அப்படியும் ஒன்றுமில்லை என்றால் மல்டிமீட்டரை எடுத்து 3.3 வோல்ட் முனைக்கும் ஜிஎன்டி (தரை) முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். 3.2 முதல் 3.4 வரை இருந்தால் மின்சாரம் சரி. வெறும் நிரல் ஓடும்போது விளக்கு எரியாத போர்டுகளும் உண்டு, ஆகவே விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். பூஜ்யம் காட்டினாலோ, விரல் வைக்க முடியாத அளவுக்கு ஏதாவது ஒரு சில்லு சுட்டாலோ உடனே பிடுங்கிவிட்டு, கீழே கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

### விளக்கு எரிகிறது, போர்ட் மட்டும் இல்லை

முதல் சந்தேகம் மறுபடியும் கேபிள்தான். பழைய பவர் பேங்க், புளூடூத் ஸ்பீக்கர் போன்றவற்றோடு வரும் மைக்ரோ யுஎஸ்பி கேபிள்கள் பலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவுக் கம்பிகள் இருக்காது. போர்டுக்கு மின்சாரம் வரும், கணினியோடு பேச வழியிருக்காது. சோதிப்பது எளிது: அதே கேபிளில் ஒரு பழைய கைப்பேசியைச் செருகி, கணினியில் படங்களைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தக் கேபிளில் ஒரு முடிச்சுப் போட்டு, சார்ஜ் செய்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பயிற்சியில் முடிச்சுப் போட்ட கேபிள் ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

கேபிள் சரி என்றால் டிரைவர். யுஎஸ்பி துளைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சில்லின் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிஎச்340 அல்லது சிபி2102 என்று இருக்கும். அந்தப் பெயருக்குரிய டிரைவரை அதன் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்துவைத்தபடியே கேபிளைச் செருகிப் பிடுங்குங்கள். மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஏதாவது வந்துபோனால் டிரைவர் குறை. பட்டியல் அசையவே இல்லை என்றால் கேபிளோ போர்டோ.

லினக்ஸ்காரர்களுக்கு இரண்டு விஷயம். உங்கள் பயனர் பெயர் டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும், சேர்த்தபின் வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். உபுண்டு 22.04-இல் பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் சிஎச்340 போர்டைத் தன் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். போர்ட் ஒரு நொடி தோன்றி மறைந்தால் இதுதான் காரணம். வீட்டில் யாரும் பிரெயில் கருவி பயன்படுத்தவில்லை என்றால் அதை நீக்கிவிடலாம்.

## போர்ட் தெரிகிறது, நிரல் ஏற மறுக்கிறது

"டைம்டு அவுட் வெயிட்டிங் ஃபார் பாக்கெட் ஹெட்டர்" என்ற சிவப்பு வரி வந்து நிற்கும். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், ஐடிஇ-யில் தேர்ந்தெடுத்திருக்கும் போர்டும் போர்ட்டும் சரியா? முன்பு ஆர்டுயினோ ஊனோ பயன்படுத்தியவர்களுக்கு அது அப்படியே தங்கியிருக்கும்.

இரண்டாவது, அதே போர்ட்டை வேறு ஏதாவது நிரல் திறந்துவைத்திருக்கிறதா? இரண்டு ஐடிஇ சாளரம் திறந்திருந்து, ஒன்றில் சீரியல் மானிட்டர் (போர்டு அனுப்பும் செய்திகளைக் காட்டும் சாளரம்) ஓடிக்கொண்டிருந்தாலே போதும், மற்றதில் ஏறாது.

மூன்றாவது, டி3, டி4, டி8, ஆர்எக்ஸ், டிஎக்ஸ் முனைகளில் எதையாவது செருகியிருக்கிறீர்களா? கழற்றிவிட்டு ஏற்றுங்கள், அப்புறம் செருகுங்கள்.

நான்காவது, கையால் ஏற்றுவது. நோட்எம்சியுவில் ஃபிளாஷ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே ஆர்எஸ்டி (ரீசெட்) பொத்தானை ஒருமுறை தட்டி விடுங்கள், பிறகு ஃபிளாஷை விடுங்கள். இப்போது ஏற்றினால் ஏறும். டி1 மினியில் ஃபிளாஷ் பொத்தான் கிடையாது. டி3-ஐ ஜிஎன்டியோடு ஒரு ஒயரால் இணைத்து, ஆர்எஸ்டி தட்டி, ஒயரை எடுத்துவிட்டால் அதே வேலை நடக்கும். இஎஸ்பி32-இல் திரையில் "கனெக்டிங்" என்று புள்ளிகள் ஓடும்போது பூட் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். ஒவ்வொரு தடவையும் இப்படிப் பிடிக்க வேண்டியிருந்தால், இஎன் முனைக்கும் ஜிஎன்டிக்கும் இடையே ஒரு 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பாதி ஏறி நின்றுவிடுகிறதா? அப்லோட் வேகத்தை 921600-இலிருந்து 115200-க்குக் குறையுங்கள். நீளமான கேபிளைக் குட்டையானதாக மாற்றுங்கள்.

## ஏறியது என்கிறது, ஆனால் போர்டு சும்மா இருக்கிறது

இங்கேதான் நிறையப் பேர் நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் சில்லின் உள் எண்ணும் வேறு. நிரலில் வெறும் 5 என்று எழுதினால் அது டி5 அல்ல, டி1. இதைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்:

டி1 என்பது 5, டி2 என்பது 4, டி5 என்பது 14, டி6 என்பது 12, டி7 என்பது 13.

இந்த ஐந்தும் நிம்மதியான முனைகள். தொடக்கத்தில் இவற்றைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். நிரலில் எண் போடாமல் டி5, டி6 என்று பெயரையே எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

போர்டின் சொந்த நீல விளக்கு தலைகீழாக எரிகிறதா? அது பழுதல்ல. அந்த விளக்கு டி4-இல், 3.3 வோல்ட்டிலிருந்து இறங்கும்படி இணைக்கப்பட்டிருக்கிறது. "லோ" கொடுத்தால் எரியும், "ஹை" கொடுத்தால் அணையும்.

வெறும் போர்டில் ஓடுகிறது, ஒயர் செருகி மறுபடி மின்சாரம் கொடுத்தால் ஓடவில்லை என்றால் டி3, டி4, டி8-ஐப் பாருங்கள். போர்டு விழிக்கும் கணத்தில் டி3-உம் டி4-உம் உயர்நிலையிலும், டி8 தாழ்நிலையிலும் இருந்தாக வேண்டும். டி3-இல் ஒரு பொத்தான் வைத்து அதை அழுத்தியபடியே மின்சாரம் கொடுத்தால், போர்டு நிரலை ஓட்டாமல் புது நிரலுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ரிலே (போர்டு இயக்கும் மின்சுவிட்ச்) தொகுதியை டி8-இல் செருகினாலும் இதே கதிதான். பல ரிலே தொகுதிகள் அந்த முனையை மேலே இழுத்துவிடும். டி1-க்கோ டி2-க்கோ மாற்றுங்கள்.

## சீரியல் மானிட்டரில் கிறுக்கல்

கிறுக்கல் தொடர்ந்து வந்தால் மானிட்டரின் வேகமும் நிரலில் எழுதிய வேகமும் ஒன்றல்ல. இரண்டையும் 115200 ஆக்குங்கள். தொடக்கத்தில் ஒரே ஒரு வரி கிறுக்கல், பிறகு எல்லாம் ஒழுங்கு என்றால் விட்டுவிடுங்கள். இஎஸ்பி8266 விழிக்கும்போது தன் முதல் செய்தியை 74880 வேகத்தில் எழுதும். ஆனால் அந்த வரியை மறந்துவிட வேண்டாம், கீழே அது உதவப்போகிறது.

## வைஃபையில் சேரவில்லை, புள்ளி புள்ளியாக ஓடுகிறது

ஆர்டுயினோவின் எடுத்துக்காட்டுகளில் வைஃபைஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. வேறெதுவும் செய்யும் முன் அதை ஏற்றுங்கள். போர்டின் காதுக்கு எந்தெந்த வைஃபை கேட்கிறது என்று பட்டியல் போடும்.

### பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயர் இல்லை

இஎஸ்பி8266-க்கும் வழக்கமான இஎஸ்பி32-க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் அவற்றுக்குக் கேட்கவே கேட்காது. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து 2.4 இயங்குகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், 2.4-க்கு மட்டும் தனிப்பெயர் கொடுப்பது குழப்பத்தைக் குறைக்கும். சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்கும்படி விடாமல் 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள். அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீடு, மேல்வீடு, கீழ்வீடு எல்லாருடைய ரௌட்டரும் அதே காற்றில்தான் பேசுகிறது, ஸ்கேன் பட்டியலைப் பார்த்தாலே எந்தச் சேனல் காலி என்று தெரிந்துவிடும்.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டா? ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அலைவரிசையை 2.4 என்று மாற்றுங்கள். ஐபோன் 12-உம் அதற்குப் பிந்தியவையும் என்றால் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் "மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி" என்பதை முடுக்குங்கள். கூடவே ஐபோனின் பெயரில் இருக்கும் மேற்கோள் குறியை எடுத்துவிடுங்கள். ஐபோன் வைக்கும் வளைந்த குறியும் நீங்கள் நிரலில் தட்டும் நேர்க்குறியும் ஒன்றல்ல, போர்டு அந்தப் பெயரைத் தேடிக்கொண்டே இருக்கும்.

### பெயர் இருக்கிறது, சேர மறுக்கிறது

கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கடைசியில் ஒட்டிக்கொண்ட வெற்றிடம் ஆகியவற்றை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வாட்ஸ்ஆப்பிலிருந்து நகலெடுத்தால் வெற்றிடம் சேர்ந்தே வரும்.

அடுத்து ரௌட்டரின் பாதுகாப்பு முறை. டபிள்யுபிஏ3 மட்டும் என்று இருந்தால் இஎஸ்பி8266 சேராது. டபிள்யுபிஏ2 அல்லது இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள்.

பல்கலைக்கழக விடுதி, கொண்டோவின் பொது வைஃபை, கோப்பிக்கடை வைஃபை போன்றவற்றில் பயனர் பெயர் கேட்கும் அல்லது உலாவியில் ஒரு பக்கம் திறந்து "ஏற்றுக்கொள்கிறேன்" என்று அழுத்தச் சொல்லும். போர்டுக்கு அந்தப் பொத்தானை அழுத்த ஆளில்லை. இவற்றோடு மல்லுக்கட்டாமல் ஒரு பழைய கைப்பேசியை ஹாட்ஸ்பாட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

### சேர்ந்துவிட்டது, ஆனால் கைப்பேசியில் பக்கம் திறக்கவில்லை

சீரியல் மானிட்டரில் போர்டின் முகவரி 192.168 என்று தொடங்கி வருகிறது, கைப்பேசியில் அதைத் தட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கைப்பேசி அதே வைஃபையில் இருக்கிறதா, மொபைல் டேட்டாவில் ஓடுகிறதா? இரண்டும் ஒரே வைஃபைதான் என்றால், அது விருந்தினர் வைஃபையா என்று பாருங்கள். விருந்தினர் வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றோடு பேசாதபடி ரௌட்டர் பிரித்துவைத்திருக்கும். முகவரியின் முன்னால் உலாவி தானாக எச்டிடிபிஎஸ் சேர்த்தாலும் திறக்காது. எச்டிடிபி என்று நீங்களே தட்டுங்கள்.

### சேரும், அறுந்துபோகும்

நிரலில் ஆர்எஸ்எஸ்ஐ (வைஃபை சிக்னலின் பலம்) அளவை அச்சிட வையுங்கள். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 70 வரை ஓடும். மைனஸ் 80-ஐத் தாண்டினால் சிமெண்டுச் சுவர் தின்றுவிடுகிறது என்று அர்த்தம். போர்டின் ஒரு முனையில் தங்க நிறத்தில் வளைந்து வளைந்து போகும் கோடுதான் ஆன்டெனா. பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடிய போர்டுகளைப் பார்த்திருக்கிறேன், இரும்புப் பெட்டி கூடவே கூடாது. ஆன்டெனாப் பக்கம் பெட்டியின் வெளிச்சுவரை நோக்கி இருக்கட்டும், அதன் கீழே பேட்டரியோ ஒயர்க்கட்டோ வேண்டாம்.

வீட்டின் எல்லாக் கருவிகளிலும் 2.4 விட்டு விட்டு வருகிறது என்றால் அது உங்கள் வேலையல்ல. இணையச் சேவை நிறுவனத்தை அழைத்து ரௌட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

## தானாகவே அணைந்து அணைந்து தொடங்குகிறது

சீரியல் மானிட்டரை 74880-க்கு மாற்றுங்கள். "ஆர்எஸ்டி காஸ்" என்று தொடங்கும் அந்த முதல் வரி இப்போது படிக்கும்படி வரும்.

"ஆர்எஸ்டி காஸ்:4" என்றால் போர்டு எங்கோ சிக்கி நின்றிருக்கிறது, காவல் கடிகாரம் அதைத் தட்டி எழுப்பியிருக்கிறது. நிரலில் வைல் சுழல் ஒன்று முடிவில்லாமல் ஓடுகிறதா என்று தேடுங்கள். இஎஸ்பி8266 உங்கள் நிரலுக்கு இடையிடையே வைஃபை வேலையையும் பார்க்க வேண்டும், அதற்கு வழிவிடாமல் சில நொடிகள் பிடித்துக்கொண்டால் மறுதொடக்கம்தான். சுழலுக்குள் ஒரு யீல்டு அல்லது சின்ன டிலே போடுங்கள்.

நிரலில் 6 முதல் 11 வரையுள்ள எண் எதையாவது முனையாக எழுதியிருக்கிறீர்களா? அந்த ஆறும் போர்டின் உள்ளே நினைவகச் சில்லோடு இணைந்தவை. டி6 என்று நினைத்து 6 என்று எழுதினால் ஏற்றிய உடனே விழுந்து விழுந்து எழும்.

நிரலில் ஒன்றுமில்லை என்றால் மின்சாரம். வைஃபை ஒலிபரப்பும்போது சில்லு கணநேரத்துக்கு 300 மில்லியாம்பியருக்கு மேலும் இழுக்கும். இஎஸ்பி32 இதை ஒளிக்காமல் "பிரவுன்அவுட்" (மின்னழுத்தம் விழுந்தது) என்று சொல்லிவிடும், இஎஸ்பி8266 சொல்லாது. குட்டையான, தடித்த கேபிள் போடுங்கள். 1 ஆம்பியருக்குக் குறையாத அடாப்டரில் செருகுங்கள், சிரிம் (மலேசியத் தரச்சான்று நிறுவனம்) முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதன் பிறகும் விழுந்தால் 3.3 முனைக்கும் ஜிஎன்டிக்கும் இடையே 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று வையுங்கள், கோடு போட்ட கால் ஜிஎன்டிக்கு. சர்வோ மோட்டார், எல்இடி பட்டை போன்றவற்றுக்குப் போர்டிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். தனி 5 வோல்ட் கொடுத்து, ஜிஎன்டியை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இணையுங்கள்.

பவர் பேங்கில் மட்டும் சில நொடியில் அணைகிறதா? போர்டு இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, சார்ஜ் முடிந்துவிட்டது என்று பவர் பேங்க் தானே நிறுத்திக்கொள்கிறது. போர்டில் பிழை இல்லை.

## சென்சார் உளறுகிறது

டி1 மினியோடு முனைக்கம்பிகள் தனியே வரும், சோல்டர் செய்துதான் பயன்படுத்த வேண்டும். பிள்ளைகள் துளையில் சும்மா செருகிவிட்டு வருவார்கள். மேசையைத் தட்டினால் அளவு மாறுகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் டிஎச்டி22 "என்ஏஎன்" (எண் அல்ல) என்று காட்டினால், தரவு முனையை 10 கிலோஓம் வழியே 3.3-க்கு இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், அளவுகளுக்கு இடையே 2 நொடியாவது விடுங்கள். வெப்பம் கூடுதலாகக் காட்டினால் சென்சாரைப் போர்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். நம் ஊரில் இரவில் பால்கனியில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது இயல்பு, சென்சாரைச் சந்தேகப்படாதீர்கள்.

தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 தன் எக்கோ முனையில் 5 வோல்ட் அனுப்பும், இஎஸ்பி8266-இன் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. எக்கோவுக்கும் போர்டின் முனைக்கும் நடுவில் 1 கிலோஓம், அந்த முனைக்கும் ஜிஎன்டிக்கும் நடுவில் 2 கிலோஓம் தடை போட்டுக் குறையுங்கள்.

## நேரம் தப்பாகக் காட்டுகிறது

சரியாக 8 மணி நேரம் பின்தங்கினால் நம் நேர வலயத்தைச் சொல்லவில்லை. நிரலில் நேரம் அமைக்கும் கான்ஃபிக்டைம் கட்டளையின் முதல் எண்ணை 28800 ஆக்குங்கள். 1970 ஜனவரி 1 என்று காட்டினால் நேரம் இணையத்திலிருந்து வந்தே சேரவில்லை, வைஃபை தலைப்புக்குத் திரும்புங்கள்.

## ரிலே, வீட்டு மின்சாரம்

ரிலே "டிக்" என்று ஒலிக்கவில்லை என்றால் அதற்கு 3.3 கொடுத்திருக்கிறீர்களா, 5 கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 5 வோல்ட் ரிலேக்கு விஐஎன் அல்லது 5வி முனையிலிருந்து கொடுங்கள். போர்டு தொடங்கும்போது ரிலே ஒருமுறை துடித்தால் டி1 அல்லது டி2-க்கு மாற்றுங்கள்.

ரிலேயின் மறுபக்கத்தை நீங்கள் தொடக்கூடாது. நம் சுவரில் வருவது 230 வோல்ட். மீன்தொட்டி மோட்டார், தோட்டத்துப் பம்ப், வாசல் விளக்கு எதுவானாலும், எரிசக்தி ஆணையத்தில், அதாவது சுருஹான்ஜாயா தெனாகாவில், பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். மாணவர்களுக்கு இதில் விதிவிலக்கே தருவதில்லை. எங்கள் பயிற்சியில் ரிலேயின் வெளிப்பக்கம் 12 வோல்ட் பல்பு மட்டும்தான். ஒருதடவை இஎல்சிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் கூட, மறுபடி தூக்கிவிட்டுச் சோதிக்காமல் நிறுத்துங்கள்.

## எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் அசையவில்லை

ஐடிஇ-யின் டூல்ஸ் பட்டியலில் எரேஸ் ஃபிளாஷ் என்பதை "ஆல்" ஆக்கி, வெறும் பிளிங்க் நிரலை ஏற்றுங்கள். பழைய வைஃபை அமைப்பு எதுவும் மிச்சமிருந்தால் அதோடு போய்விடும்.

மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு 3.3 முனைக்கும் ஜிஎன்டிக்கும் இடையே தடையை அளங்கள். சில ஓம் மட்டுமே காட்டினால் உள்ளே ஷார்ட், போர்டு முடிந்தது. தடை சரியாக இருந்து, யுஎஸ்பி பக்கம் 5 வோல்ட் வந்து, 3.3 மட்டும் வரவில்லை என்றால் ரெகுலேட்டர் போயிருக்கிறது. நோட்எம்சியுவில் அது பெரும்பாலும் ஏஎம்எஸ்1117. சோல்டர் தெரிந்தவர் மாற்றிவிடுவார். ஆட்டம் காணும் யுஎஸ்பி துளையும் அப்படித்தான். புது போர்டே ஏறக்குறைய 20 ரிங்கிட் என்பதால் கூலி கொடுத்துச் செய்வது கட்டுப்படியாகாது, பழகுவதற்காகச் செய்தால் செய்யலாம். பினாங்கில் இருப்பவர்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் உறவினரைக் கேட்டுப் பாருங்கள், நுணுக்கமான சோல்டர் கை வந்தவர்கள் அங்கே நிறைய.

கோலாலம்பூரில் உதிரிப்பாகத்துக்குப் புடு வட்டாரத்து ஜாலான் பாசார் கடைகள்தான். போகும்போது பழுதான போர்டு, நீங்கள் பயன்படுத்திய கேபிள், அடாப்டர் மூன்றையும் எடுத்துப் போங்கள். புதிதாக வாங்கும் போர்டை அந்தக் கேபிளில் அங்கேயே செருகிப் பார்த்து, பிறகு காசு கொடுங்கள்.